ஒரு பானைச் சோறும் ஒரு பாறைப் பறவைகளும்



நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பும் படம் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

ஒரு வாரமாக நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரு படம் சுற்றுகிறது. கடல் நடுவே ஒரு பாறை. அதன் மேல் கல் உப்பைக் கொட்டியது போல வெள்ளைப் பறவைகள். கீழே எழுதியிருப்பதன் சாரம் இது: இலட்சம் பறவைகள், எல்லாவற்றுக்கும் ஒரே இரை, ஒரே வழி, ஒரே ஒழுங்கு. எனக்கு இது பிடிக்காது, அது வராது என்று எந்தப் பறவையும் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் மட்டும் ஏன் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்? இதற்கு எத்தனை கைதட்டல்! மறுநாள் இதற்கு எதிர்ப்பாட்டு ஒன்று வந்தது. சூரிய அஸ்தமனம், ஒற்றைப் பறவை. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தனித்திறமை, எல்லாப் பாதையும் வெற்றிப் பாதையே என்று. முந்தின நாள் கைதட்டியவர்களே இதற்கும் கைதட்டினார்கள்.

முதலாவது முழுப் பொய். இரண்டாவது பாதிப் பொய். எனக்கு இரண்டாவதன் மேல்தான் கோபம் அதிகம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, இடைநிலை ஆசிரியையாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் என் தம்பி மகள் விலங்கியல் படிக்கிறாள். "அத்தை, உங்களுக்குப் பொழுது போக இது" என்று கடற்பறவைகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளாக அனுப்பி வைக்கிறாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன், புரியாததைத் தொலைபேசியில் கேட்கிறேன். இரண்டு வருடமாக இதுதான் என் தொலைக்காட்சித் தொடர்.

படத்தில் இருப்பது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள பாஸ் ராக் என்ற பாறை. பறவையின் பெயர் கேனட். நம்மூர்க் கொக்கும் இல்லை, வாத்தும் இல்லை. ஏறக்குறைய மூன்று கிலோ எடை. உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு அம்பு போலக் கடலுக்குள் பாயும். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தப் பாறையில் 75,000க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. கூட்டுக்கு ஒரு முட்டை. தாயும் தகப்பனும் முறை வைத்துக் காவல் இருக்கும். ஒன்று கூட்டில் இருக்கும்போது மற்றது இரைக்குப் போகும். போய்வரச் சில நூறு கிலோமீட்டர்கூட ஆகும்.

எங்கே போகின்றன என்பது பல காலம் யாருக்கும் தெரியாது. பாறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம், கிளம்புவதைப் பார்க்கலாம், அதோடு சரி. பிறகு ஜி.பி.எஸ். கருவி சிறிதானது. அதை வால் இறகில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, பறவை திரும்பி வந்ததும் கழற்றிப் படிக்க ஆரம்பித்தார்கள். வேக்ஃபீல்டு என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பாஸ் ராக் கேனட்டுகளை இப்படிப் பின்தொடர்ந்தார்கள். 2015இல் அவர்கள் வெளியிட்டது என்ன தெரியுமா? ஒரு பறவை போன தடவை எந்தத் திசையில் எந்தப் பகுதிக்குப் போனதோ, பெரும்பாலும் இந்தத் தடவையும் அங்கேயே போகிறது. அடுத்த வருடமும் அங்கேதான். பக்கத்துக் கூட்டுப் பறவை வேறொரு பகுதிக்குப் போகிறது, அதுவும் தன் பகுதியை விடுவதில்லை. கழுத்தை நீட்டினால் கொத்திவிடும் தூரத்தில் இரண்டு கூடுகள். ஆனால் அந்த இரண்டு பறவைகளுக்கும் கடல் வேறு வேறு.

"ஒரே வழி" என்று எழுதிய புண்ணியவான் அந்தப் பாறைக்குப் போயிருக்க வேண்டாம், ஒரு கட்டுரையாவது படித்திருக்கலாம்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். ஒரு கேனட்டைப் பார்த்தால் எல்லாக் கேனட்டையும் பார்த்த மாதிரி என்பது அவர் வாதம். ஐயா, சோற்றுக்கு அது சரி. ஒரே நெல், ஒரே உலை, ஒரே தீ. அதிலும் அடி பிடித்த பானையில் மேல் சோற்றை நசுக்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. பறவைகள் ஒரே உலையில் கிடக்கவில்லையே.

சராசரி என்ற கணக்கு இங்கே என்ன செய்யும் என்று பாருங்கள். கற்பனைக்கு ஒரு கணக்கு. ஒரு பறவை கூட்டிலிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் போகிறது. இன்னொன்று தெற்கே 200 கிலோமீட்டர். இரண்டும் போன இடங்களின் சராசரி எது? கூடு! சராசரிப் பறவை வீட்டை விட்டே கிளம்பவில்லை. ஏழாம் வகுப்பில் சராசரி பாடம் நடத்தும்போதெல்லாம் நான் இப்படி ஒரு கணக்கைச் சேர்த்தே நடத்துவேன், நினைவிருக்கும். வகுப்புச் சராசரி எவ்வளவு என்று மட்டும் கேட்டு, சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் நோட்டையும் திறக்காமல் ஆய்வை முடித்துக்கொண்டு போன ஓர் அதிகாரியையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு அன்று மதியச் சாப்பாடு மட்டும் சராசரியாக இருக்கக் கூடாது.

சரி, பறவைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாவில் உள்ள கோட்ஸ் தீவில் நடந்தது. அங்கே மர் என்ற பறவை இருக்கிறது. தடித்த அலகு மர் என்பது முழுப் பெயர். மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, ஒரு கிலோ எடை. தூரத்திலிருந்து பார்த்தால் சின்னப் பென்குயின் என்று நினைப்பீர்கள், ஆனால் இது பறக்கும். செங்குத்துப் பாறையில் ஒரு முழ அகல விளிம்பு கிடைத்தால் போதும், கூடுகூடக் கட்டாமல் வெறும் கல்லில் ஒரே முட்டை. குஞ்சு மூன்று வாரத்தில் பறக்கத் தெரியாமலேயே பாறையிலிருந்து கடலில் குதிக்கும். தகப்பன் கூடவே போய்க் கடலில் வளர்க்கும். தாய் வளர்ப்பதில்லை. (இதை வைத்து யாராவது அடுத்த படம் போட்டுவிடாதீர்கள், கும்பிடுகிறேன்.)

இந்த மர் பறவையிடம் ஆய்வாளர்களுக்குச் சாதகமான ஒரு பழக்கம் உண்டு. குஞ்சுக்கு ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீன்தான் கொண்டுவரும், அதையும் அலகில் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு வரும். கேனட் விழுங்கிக்கொண்டு வந்து கக்கி ஊட்டும், அதில் என்ன மீன் என்று பார்ப்பது சிரமம். மர் விஷயத்தில் மறைப்பில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தாலே போதும். காலில் வளையம் போட்ட பறவை எது, அது கொண்டுவந்த மீன் எது என்று வருடக்கணக்கில் எழுதி வைத்தார்கள். டோனி காஸ்டன் என்பவர் அந்தத் தீவில் நெடுங்காலம் ஆய்வை நடத்தியவர். அவரும் வூ, எலியட் முதலியவர்களும் சேர்ந்து 2008இல் எழுதிய கட்டுரை இது.

மர் எதையும் தின்னும் பறவை என்றுதான் அதுவரை பெயர். ஆர்க்டிக் காட், கேப்லின், மணலில் புதையும் மெல்லிய மீன்கள், அடித்தரையில் கிடக்கும் முள்தலை மீன்கள், இறால் போன்ற சிறு உயிர்கள் என்று பட்டியல் நீளம். மொத்தக் கூட்டத்தையும் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் வளையத்தின் எண்ணைப் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்தபோது கதை மாறியது. ஒரு பறவை திரும்பத் திரும்ப ஒரே வகை மீனைக் கொண்டுவருகிறது. இன்று காலை, நாளை மட்டுமல்ல, வருடம் கழித்தும். அதன் பக்கத்துப் பறவை வேறு வகை. கலந்து கொண்டுவருகிற பறவைகளும் இருந்தன. ஆக, "எதையும் தின்னும்" கூட்டத்துக்குள் பிடிவாதக்காரர்கள் பலர் ஒளிந்திருந்தார்கள்.

முங்கும் ஆழத்தைக் குறிக்கும் கருவியையும் கட்டிப் பார்த்தார்கள். அடித்தரை மீன் பிடிக்கிற பறவை நேரே கீழே போய், அடியிலேயே நேரம் செலவழித்து, மேலே வருகிறது. நடுநீரில் நீந்தும் மீனைப் பிடிக்கிறவைக்கு முங்கும் விதமே வேறு. அதாவது இது நாக்கு ருசி மட்டும் அல்ல, தொழில். கொத்தனாருக்கும் தச்சருக்கும் கை வேறு மாதிரிப் பழகுகிறதல்லவா, அப்படி.

"டீச்சர், இது ஒரு தற்செயலாக இருக்கலாமே" என்று கேட்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். இருக்கலாம். ஒரே ஒரு பயணத்தை வைத்துச் சொன்னால் அது வெறும் தற்செயல்தான். அதனால்தான் ஒரு பறவையைப் பல தடவை அளக்கிறார்கள். மதிப்பெண் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் பத்துத் தேர்வில் 60, 62, 59, 61 என்று வாங்குகிறாள். இன்னொருத்தி 85, 83, 86. இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம், ஒருத்திக்குள் நாளுக்கு நாள் வரும் வித்தியாசத்தைவிடப் பெரியது. அப்போதுதான் இது அவள் குணம் என்று பேச முடியும். ஒருத்தியே இன்று 30, நாளை 90 என்று ஆடினால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. பறவை ஆய்விலும் இதே கணக்குத்தான். ஒரு நாள் மூன்று மணி நேரத் தேர்வை வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தை எழுதுகிற நாம், ஒரு மர் பறவைக்குக் கொடுக்கிற பொறுமையைக்கூடப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பதை இங்கே சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை.

ஆண் பெண் வித்தியாசத்தையும் இதோடு குழப்பக் கூடாது. தென்கடலில் உள்ள குரோசே தீவுகளில் பெரிய அல்பட்ராஸ் இருக்கிறது. விரித்த இறக்கை மூன்று மீட்டருக்கும் மேல். அதில் பெண் பறவைகள் பெரும்பாலும் வடக்கே வெப்பமான கடலுக்குப் போகும், ஆண்கள் தெற்கே குளிரை நோக்கிப் போகும். இது குழு வித்தியாசம். ஆண்களுக்குள்ளேயே, பெண்களுக்குள்ளேயே இருப்பதுதான் நான் சொல்லும் தனி வித்தியாசம். "பெண் பிள்ளைகள் என்றாலே இப்படித்தான்" என்பது ஒரு வகைச் சோம்பேறித்தனம் என்று என்னிடம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இதற்கு ஒரே விடை இல்லை. கரையோரத்தில் திரியும் சிப்பிபிடிப்பான் என்ற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டிச் சிப்பியைத் திறக்க அதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஓட்டை உடைக்கும், மறு கட்சி இடுக்கில் அலகைச் செருகித் தசையை வெட்டும். குஞ்சுகள் இதைப் பெற்றோரிடம் கற்கின்றன என்று நார்ட்டன் கிரிஃபித்ஸ் 1960களிலேயே காட்டினார். பிறகு ஒரு வேடிக்கை தெரிந்தது. உடைக்கும் பறவையின் அலகு முனை மொண்ணை, மண்ணில் குத்திப் புழு எடுப்பதன் அலகு கூர்மை. பிறவியிலேயே அப்படியா? இல்லை. அலகு நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கிறது, வேலைக்கு ஏற்றபடி தேய்கிறது. வளர்ப்பில் உள்ள பறவைக்கு இரையை மாற்றிக் கொடுத்தபோது அலகின் வடிவமே மாறிப்போனது. "அவனுக்கு அது பிறவியிலேயே வராது" என்று ஐந்தாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்லும் அப்பாக்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

ஆனால் எல்லாமே பழக்கம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அதே குரோசே தீவுகளில், கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸை நோக்கி ஓர் ஆள் நடந்து போகிறார். பறவை அசையாமல் இருக்கிறதா, தலையைத் தூக்குகிறதா, எழும்புகிறதா, கத்துகிறதா, எழுந்தே நின்றுவிடுகிறதா என்று மதிப்பெண் போடுகிறார்கள். ஒரே பறவை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. அந்தக் குணத்தில் ஒரு பங்கு பெற்றோரிடமிருந்து இரத்தத்தில் வருகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் ஒரு துணைக்கதை: கூச்ச சுபாவமுள்ள ஆண் அல்பட்ராஸ்களுக்கு ஜோடி முறிவது அதிகமாம். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்தால் சண்டை போடாமல் ஒதுங்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பாவம்.

இந்தத் துணிச்சல் விவகாரம்தான் எனக்குக் கண்ணைத் திறந்த இடம். துணிச்சலான பறவை தூரம் போகும், பயந்த பறவை பக்கத்திலேயே சுற்றும் என்றுதானே நினைப்போம்? கெர்குவலன் தீவுகளில் கரும்புருவ அல்பட்ராஸ்களை பேட்ரிக்கும் வீமர்ஸ்கிர்ச்சும் ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். அங்கே துணிச்சலான பறவைகள் கூட்டுக்கு அருகில், ஆழம் குறைந்த கடலில் இரை தேடின. கூச்சப் பறவைகள்தான் தூரமாக, ஆழ்கடலுக்குப் போயின. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவுகளில் கிட்டிவேக் என்ற கடற்காக இனத்தை 2020இல் வெளிவந்த ஆய்வில் சோதித்தார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பென்குயின் பொம்மையை நீட்டிப் பார்த்தார்கள். (வட துருவத்தில் பென்குயின் கிடையாது, நினைவிருக்கட்டும். பறவை முன்பின் பார்க்காத பொருள் வேண்டும் என்பதுதான் சோதனை.) பொம்மைக்கு அஞ்சாத பறவைகள் அடைகாக்கும் காலத்தில் போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போயின. கூச்சப் பறவைகள் இடத்தை மாற்றி மாற்றிப் போயின.

வகுப்பில் கையைத் தூக்காத பிள்ளையைப் பற்றி அவசரப்பட்டு முடிவெடுத்த ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது இல்லை. என் மாணவர்களில் பதினோரு பேர் இப்போது ஆசிரியர்கள். எண்ணிக்கை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, வயது. வேல்ஸ் நாட்டுக் கிராஸ்ஹோம் தீவின் கேனட்டுகளில் இனப்பெருக்கத்துக்கு வராத இளசுகளையும் பெரியவற்றையும் ஒப்பிட்டார்கள், 2017இல் கட்டுரை வந்தது. பெரியவை தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டவை. இளசுகள் அலைகின்றன. இன்று இங்கே, நாளை வேறெங்கோ. கேனட் முதல் முட்டையிட ஐந்து வருடம் போல ஆகும். அந்த வருடங்கள் கடலைத் தெரிந்துகொள்ளும் வருடங்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நம் குழுவில் ஒரு தம்பி பெருமையாக எழுதியிருந்தான், மகனை ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிட்டதாக. பதினோரு வயதுப் பிள்ளைக்கு மீன் இருக்கும் இடத்தை நீ காட்டிவிட்டாய். மீன் இடம் மாறினால் அவன் என்ன செய்வான், தம்பி? கோபித்துக்கொள்ளாதே. பதில் எழுது.

இப்போது இரண்டாவது படத்துக்கு வருகிறேன். எல்லாப் பாதையும் வெற்றிப் பாதையாம். இல்லவே இல்லை.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அல்கட்ராஸ் என்ற தீவு, பழைய சிறைச்சாலையால் பெயர் பெற்றது. அங்கே கூடு கட்டும் கடற்காகங்களை ஆன்னெட், பியரொட்டி என்ற இருவர் வருடக்கணக்கில் பார்த்து 1999இல் எழுதினார்கள். சில பறவைகள் மீன் தேடின. சில மனிதர்கள் வீசிய உணவுக் கழிவைத் தேடின. கழிவு சுலபம், தினமும் கிடைக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க வளர்த்து விட்ட குஞ்சுகளை எண்ணினால் மீன் கட்சிக்குத்தான் அதிகம். இதற்கு முன் அவர்களே நியூஃபவுண்ட்லாந்தில் வேறொரு கடற்காக இனத்தைப் பார்த்தபோதும், மட்டிச் சிப்பி தின்றவை குப்பை தின்றவற்றைவிட நன்றாகக் குஞ்சு வளர்த்தன. தென்னாப்பிரிக்காவில் கேப் கேனட்டுகள் மத்தியும் நெத்திலியும் கிடைக்காமல் மீன்பிடி கப்பல்கள் கொட்டும் ஹேக் மீன் கழிவுக்குப் போனபோது, பெரிய பறவைகள் சமாளித்தன. குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன, பல பிழைக்கவில்லை. கழிவில் கொழுப்பு குறைவு, சத்து குறைவு.

ஆக, வேறாக இருப்பது வேறாக இருப்பது மட்டுமே. அது பதக்கம் அல்ல. குப்பையைத் தேடும் கடற்காகத்தைப் பார்த்து "உன் வழி உனக்கு" என்று பூமாலை போடுவது அன்பு ஆகாது, அந்தக் குஞ்சுகளைக் கேட்டால் தெரியும். அதே சமயம் கெர்குவலன் கணக்கையும் மறக்கக் கூடாது. தூரம் போகும் பெண் அல்பட்ராஸ்கள் மோசமான வருடங்களில் நன்றாகக் குஞ்சு வளர்த்தன. ஆண்களில் பக்கத்தில் தேடியவைதான் எப்போதும் மேல். எது நல்ல வழி என்பது யார், எந்த வருடம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. படம் போடுகிறவர்களுக்கு இது பிடிக்காது. இதை ஒரு வரியில் எழுதிக் கீழே ரோஜாப்பூ ஒட்ட முடியாதே.

நியூஃபவுண்ட்லாந்துக் கடற்காகங்களில் இன்னொரு நல்ல செய்தி உண்டு. முட்டை பொரித்த உடனே குப்பை தின்ற பறவைகளில் பலவும் மீனுக்கு மாறின. குஞ்சுக்கு எது ஆகும் என்று மாறத் தெரிந்த பெற்றோர். நம் வீடுகளில் பிள்ளை பிறந்த பிறகு மாற்றிக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன், கைப்பேசியின் மாடலைத் தவிர.

"இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது பெரியம்மா, இதனால் யாருக்கு என்ன?" என்று அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

சூரை மீன் பிடிக்கும் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் நீளத் தூண்டில் கயிற்றைக் கடலில் இறக்கும். ஆயிரக்கணக்கான கொக்கிகள், ஒவ்வொன்றிலும் இரை. கொக்கி முங்குவதற்குள் அல்பட்ராஸ் வந்து கவ்வும், மாட்டிக்கொண்டு மூழ்கிச் சாகும். எந்த அல்பட்ராஸ்? வடக்கே போகிற பெண் பறவைகள்தான் குரோசேயில் அதிகம் மாட்டின, ஏனென்றால் கப்பல்கள் அங்கே இருந்தன. அதோடு, கப்பலைக் கண்டால் ஓடிவருகிற குணமுள்ளவை முதலில் செத்திருக்க வேண்டும். 1960களிலிருந்து பின்தொடரப்படும் குரோசே பறவைகளின் கணக்கை வைத்து பார்ப்ரோவும் சகாக்களும் 2013இல் இதைத்தான் முன்வைத்தார்கள். கூட்டத்தில் எளிதில் மாட்டுகிற ரகம் கொக்கியால் கழிக்கப்பட்டுவிட்டது என்று. இது அனுமானம், நேரில் பார்த்தது அல்ல. ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பறவைகளின் எண்ணிக்கை பின்னால் தேறினாலும், தேறிய கூட்டம் பழைய கூட்டம் அல்ல. ஒரு குணமே குறைந்துபோன கூட்டம். தலையை மட்டும் எண்ணுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

ஐரோப்பாவில் வேண்டாத மீனைக் கடலில் கொட்டக் கூடாது, கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2015 முதல் 2019 வரை படிப்படியாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். மீனுக்கு நல்லது. பறவைக்கு? "கேனட்டுக்குப் பாதிப்பு இருக்குமா" என்று கேட்டால் அந்தக் கேள்வியே தவறு. கிராஸ்ஹோமில் கப்பல் தடத்தையும் பறவைத் தடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சில கேனட்டுகள் கப்பல் பின்னாலேயே போயின, சில கப்பலைச் சட்டைசெய்யவே இல்லை. சட்டம் வந்தால் இரண்டாவது ரகத்துக்கு ஒன்றும் ஆகாது. முதல் ரகம் புதிதாகத் தொழில் கற்க வேண்டும். எந்தப் பறவைக்கு என்று கேட்டால்தான் விடை வரும்.

2022இல் பாஸ் ராக் பாறைக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. நம் குழுவில் "ஒரே ஒழுங்கு" என்று சுற்றிய அதே பாறைதான். அடுத்த வருடக் கணக்கெடுப்பில் கூடுகள் சுமார் 52,000. பிழைத்த சிலவற்றின் வெளிர் நீலக் கண் கறுப்பாக மாறியிருந்தது. காய்ச்சலின்போது, கருவி கட்டிய சில பறவைகள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தன. தங்கள் பாறையை விட்டு வேறு கேனட் குடியிருப்புகளுக்குப் போய் எட்டிப் பார்த்தன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள் குறைந்தன என்பது செய்தித்தாளில் வந்தது. போனவை வடக்கே போகிறவையா, கிழக்கே போகிறவையா, கப்பல் பின்னால் போகிறவையா? கடலின் எந்தப் பகுதியை அறிந்தவை இல்லாமல் போயின? எண் இதைச் சொல்லாது. ஒவ்வொரு பறவையாக மறுபடியும் வளையமும் கருவியும் கட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் பணம் வேண்டும், குளிரில் மறைப்புக்குள் உட்கார ஆள் வேண்டும். இந்த மாதிரி நீண்டகால ஆய்வுக்குத்தான் எந்த அரசாங்கமும் முதலில் கத்தரிக்கோலை எடுக்கும், "பறவை எண்ணி என்ன ஆகப் போகிறது" என்று. நீங்கள் அனுப்பிய படம் அந்தக் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் ஒன்றை எண்ணினால் போதுமே!

கடைசியாகக் குடும்பக் குழுவுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளைத் திட்ட வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் காரணத்தைச் சொல்லித் திட்டுங்கள். பறவையை இழுக்காதீர்கள், அதற்கு ஆயிரம் வேலை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து எழுதிய செல்வம், "ஆலாய்ப் பறக்கிறான் என்கிறோமே, அது எந்தப் பறவை" என்று கேட்டிருந்தாய். ஆலா என்பது கடலோரத்தில் நீ தினமும் பார்க்கிற பறவைதான். பிளந்த வால், கூர் அலகு, சிலவற்றுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போ. கூட்டத்தைப் பார்க்காதே. ஒரே ஒரு ஆலாவைத் தேர்ந்தெடுத்து, கண்ணை விட்டு மறையும் வரை அதையே பாருங்கள். எத்தனை தடவை முங்கியது, எத்தனை தடவை வெறும் அலகோடு எழும்பியது என்று மகளை நோட்டில் எழுதச் சொல். பிறகு இன்னொன்றைப் பாருங்கள். எழுதியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் நேரமாகிவிட்டது. பின்னூட்டங்களுக்குப் பதில் நாளைக் காலையில்தான்.